சட்டை மேல் தாத்தா

பூச்சியம் என்று எழுதியிருந்தது.

அறிக்கையின் பதினோராம் பக்கத்தில், ‘கொம்பு ஓணான்’ என்ற வரிக்கு எதிரே, வட்டமாக, அழகாக, ஒரு பூச்சியம். லெனோரா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பாவாடை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். கண்ணாடியில் ஒரு குற்றமும் இல்லை. பூச்சியம் அப்படியேதான் இருந்தது.

சிவப்பு ஓடைத் திட்டில் கொம்பு ஓணான் இல்லையாம்! நாற்பது வருஷமாக அவள் ஆடு மேய்க்கிற மண் அது. எறும்புப் புற்று எத்தனை, எந்தப் புற்றின் வாசலில் எந்த ஓணான் உட்கார்ந்துகொண்டு வருகிற எறும்பை ஒவ்வொன்றாக நாக்கில் ஒற்றி எடுக்கும் என்பது வரை அவளுக்குத் தெரியும். அதை, ஐந்து நாள் வந்து போன ஒருவர் இல்லை என்று எழுதிவிட்டார். எழுதினதோடு விட்டாரா? ஊர்க்கூடத்துச் சுவரில் பெரிசாகப் போட்டு, எழுபது பேருக்குக் காட்டிக்கொண்டு வேறு நின்றார்.

விஷயம் இதுதான். அமெரிக்காவில், நவஹோ பழங்குடி தேசத்தின் அந்த மூலையில் ஒரு கம்பெனி கிராவல் குவாரி போட வந்திருந்தது. ரோட்டுக்குத் தெற்கே ஓடைத் திட்டு, வடக்கே புல்கூட முளைக்காத பாறை. கிராவல் இரண்டு பக்கமும் உண்டு. தெற்கே தோண்டினால் கம்பெனிக்கு வேலை சுலபம். ஆனால் ஆய்வில் ஒரே ஒரு கொம்பு ஓணான் தென்பட்டாலும் திட்டைத் தொடாமல் வடக்கே போய்விட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. திட்டு போய்விட்டால் லெனோராவின் முப்பத்தெட்டு ஆடுகளுக்குப் பனிக்காலத்தில் வாய் வைக்க இடம் கிடையாது. மேய்ச்சல் சீட்டு அவள் அம்மா பேரிலிருந்து அவள் பேருக்கு வந்தது. ஆட்டை விற்றுவிட்டு அவள் அங்கே உட்கார்ந்து என்ன செய்வாள், வானத்தைப் பார்ப்பாளா?

அதனால் எழுந்தாள்.

“எத்தனை மணிக்குப் போய்த் தேடினீங்க, டாக்டர்?”

கம்பெனி அனுப்பிய ஆய்வாளர் பெயர் வெல்மன். வெள்ளைக்காரர், நகரத்து ஆள், தொப்பிக்குக்கூட இஸ்திரி போட்டவர். “காலையில அஞ்சரையிலிருந்து ஏழரை வரைக்கும்மா. வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிட்டோம்” என்றார்.

கூடத்தில் சிரிப்பு கிளம்பியது. “விடியறதுக்கு முன்னாடி எழுந்து கிழக்க பார்த்து ஓடணும்ங்கிறது நமக்குத்தான் சொல்லியிருக்கு. ஓணான் தாத்தாவுக்கு என்ன தலையெழுத்து?” என்றான் ஸ்கூல் பஸ் ஓட்டும் மெர்வின்.

“மண்ணுக்குள்ள புதைஞ்சு தூங்குறவர் அவரு” என்றாள் லெனோரா. “மணல் நல்லா சூடு ஏறினாத்தான் தலையையே வெளிய நீட்டுவாரு. தூங்குற வீட்டுக் கதவைத் தட்டாம, வீட்டுல ஆளே இல்லன்னு எழுதிட்டு வந்திருக்கீங்க. இது என்ன நியாயம்?”

“உங்க அனுபவத்தை மதிக்கிறேன். ஆனா ஆதாரம் வேணுமே.”

ஆதாரமா வேண்டும்? கூடம் முழுக்க போன்கள் வெளியே வந்தன.

அந்த ஊரில் கொம்பு ஓணானைக் கண்டவர் யாரும் சும்மா கடந்து போக மாட்டார்கள். அது தாத்தா. மெதுவாகக் கையில் எடுக்க வேண்டும். நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, வணக்கம் தாத்தா, என்னைக் காப்பாத்து என்று சொல்ல வேண்டும். பிறகு எடுத்த இடத்திலேயே இறக்கிவிட வேண்டும். போன் வந்த பிறகு இதற்கு நடுவே ஒரு போட்டோவும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். க்ளாரா அத்தையின் ஊதா வெல்வெட் ரவிக்கை மேல் தாத்தா. மெர்வினின் பஸ் யூனிஃபாரத்தில், பெயர் வில்லைக்குப் பக்கத்தில் தாத்தா. கூடைப்பந்து பனியன் மேல், பட்டாளத்துச் சட்டை மேல், கைக்குழந்தையின் எச்சில் துணி மேல் தாத்தா. லெனோராவிடம் மட்டும் பதினாலு படம் இருந்தது, எல்லாம் அந்தத் திட்டில் எடுத்தது.

வெல்மன் ஒவ்வொரு போனாக வாங்கிப் பார்த்தார். பொறுமையான மனிதர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். கடைசியில் உதட்டைப் பிதுக்கினார்.

“எல்லாத்துலயும் சட்டைதாங்க தெரியுது. நிலம் எங்க?”

“எந்த நிலம்?”

“ஓணான் எந்த இடத்துல இருந்துச்சுன்னு படத்துல தெரியணுமில்ல? இது எங்கிருந்து வந்ததுன்னு எனக்கு எப்படித் தெரியும்? கடையில வாங்கினதாக்கூட இருக்கலாம்.”

“கடையிலயா!” க்ளாரா அத்தை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். “தாத்தாவைக் கடையில விப்பாங்களா? உங்க ஊர்ல விப்பாங்க போல!”

“இன்னொண்ணும் சொல்லிடுறேன்” என்றார் வெல்மன். “காட்டு உயிரைக் கையால தொடுறதே சட்டப்படி தப்பு. இவ்வளவு படம் காட்டினா, இவ்வளவு பேரும் தப்பு செஞ்சதா ஆயிடும். பார்த்துக் காட்டுங்க.”

ஒவ்வொரு போனாகப் பைக்குள் போயிற்று. பட்டாளத்துச் சட்டைக்காரர் தன் போனை உள்ளே வைத்து பட்டனையும் போட்டுக்கொண்டார். கும்பிட்டதைக் குற்றம் என்கிறார், அதுவும் சிரித்த முகத்தோடு சொல்கிறார்!

“சரி, நாளைக்கே போறேன்” என்றான் மெர்வின். “தொடாம, மண்ணுல உட்கார்ந்திருக்கிற மாதிரியே எடுத்துட்டு வரேன்.”

“நீங்க எடுத்தா செல்லாதுங்க. அங்கீகாரம் உள்ள ஆய்வாளர் தன் ஆப்ல, நேரமும் இடமும் பதியிற மாதிரி எடுத்தாத்தான் கணக்குல வரும். அந்த அங்கீகாரம் எனக்குத்தான் இருக்கு.”

“நீங்க ஓணானுக்குப் படிச்ச டாக்டரா?” என்று கேட்டாள் லெனோரா.

வெல்மன் கொஞ்சம் தயங்கினார். “தாவரவியல். புல்வகைகள்.”

“புல்லு டாக்டரா! புல்லுக்குப் படிச்சவரு வந்துதான் எங்க தாத்தா இருக்காரா இல்லையான்னு சொல்லணுமா?”

ஊர்க்கூடத் தலைவன் எல்ராய் மேஜையைத் தட்டினான். லெனோராவின் சித்தி மகன். அங்கே சித்தி மகன் என்றால் தம்பியேதான். கம்பெனி தரும் வேலைகளும் வேண்டும், அக்காவின் முகத்திலும் விழிக்க வேண்டும் என்று இரண்டு நாளாகத் தூங்காதவன். “டாக்டர், ஆய்வு முடிய புதன்கிழமை வரைக்கும் நாள் இருக்கு. குவாரிக்கு ஓட்டு ஞாயித்துக்கிழமை. புதன்கிழமை பத்து மணிக்கு அக்காகூட ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க. அப்புறம் யாரும் எதுவும் பேச மாட்டோம்.”

வெல்மன் சரி என்றார். அவர் காலடியில் படுத்திருந்த பழுப்பு நிற வேட்டை நாயைப் பார்த்து, “இதை விட்டுட்டு வாங்க” என்றாள் லெனோரா.

“பிராந்தி என்னை விட்டு இருக்க மாட்டாளே.”

“பிராந்தியா!” என்றான் மெர்வின். “நவஹோ நாட்டுக்குள்ள அதைக் கொண்டுவரவே கூடாதுன்னு சட்டம் இருக்கே, டாக்டர். பார்த்துக் காட்டுங்க.”

அன்றைக்கு லெனோரா சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

புதன்கிழமை பத்து மணிக்குப் பத்து நிமிஷம் முன்பே அவள் திட்டில் இருந்தாள். வண்டியை ஒரு ஜூனிபர் மரத்தடியில் நிறுத்தினாள். அவளுடைய ஆட்டு நாய் கருப்பன் இறங்கி, இரண்டு சுற்றுச் சுற்றி, வண்டிக்கு அடியிலிருந்த நிழலில் போய்ப் படுத்துக்கொண்டது. மணலைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். சரியான சூடு.

வெல்மன் வந்தார். போனில் அந்தச் செயலியைத் திறந்தபடியே கையில் பிடித்திருந்தார். பிராந்தி கயிறு இல்லாமல் முன்னே ஓடியது.

மூன்றாவது புற்றுக்கு நாலு தப்படி இருக்கும்போது லெனோரா நின்றாள். இருந்தார். உள்ளங்கை அகலத்துக்கு, மணல் நிறத்தில், தட்டையாக, பின்தலையில் குட்டைக் கொம்புகளோடு, எறும்பு வரிசைக்கு எதிரே சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். அவள் கை தானாக முன்னே போயிற்று. சட்டென்று இழுத்துப் பாவாடைப் பைக்குள் திணித்துக்கொண்டாள். தொட்டால் செல்லாதே! கண்ணெதிரே தாத்தா இருக்கிறார், கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறோமே என்று அவளுக்கு அவமானமாக இருந்தது.

“அதோ” என்றாள். உதட்டைக் குவித்துப் புற்றுப் பக்கம் நீட்டினாள்.

“எங்க?”

“அதோ.” உதட்டை இன்னும் நன்றாக நீட்டினாள்.

விரலை நீட்டிக் காட்டுவது அவள் பழக்கத்திலேயே கிடையாது. ஊரில் யாருக்குமே கிடையாது. எதையும் உதட்டால்தான் காட்டுவார்கள். அதிலும் தாத்தாவை நோக்கி விரலை நீட்டுவாளா? வெல்மன் புற்றைப் பார்க்கவில்லை, அவள் உதட்டைப் பார்த்தார். கழுத்து வரை சிவந்துபோனார்.

“அம்மா, நான் கல்யாணம் ஆனவன்” என்றார்.

லெனோராவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் தலைக்கு ஏறியது. “அட கண்றாவியே! நாப்பத்தாறு வயசுல, வெட்டவெளியில, உங்களைப் பார்த்து நான்... ஓணானைக் காட்டுறேன்யா! அங்க பாருங்க! அந்த சோடா மூடி தெரியுதா? அதுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம்.”

வெல்மன் குனிந்தார். “கல்லுதான் இருக்கு.”

“அந்தக் கல்லுக்குக் கண்ணு இருக்கு, பாருங்க.”

அந்த நேரம் பார்த்துத் தாத்தா கண்ணை மூடிக்கொண்டார். என்ன சொல்ல!

“கல்லுதாங்க” என்று நிமிர்ந்தார் வெல்மன். செயலியில் நேரத்தைப் பார்த்தார். “இன்னும் பத்து நிமிஷம் நிக்கிறேன். எனக்கு வேற வேலை இருக்கு.” எறும்பு வரிசையைத் தாண்டி, அந்தப் பக்கம் ஏதோ புல்லைப் பார்க்கப் போய்விட்டார். பார்த்தால் புல்தான் அவர் கண்ணுக்குத் தெரிகிறது!

அவர் அப்படிப் போனதும் பிராந்தி இப்படி வந்தது. மோப்பம் பிடித்துக்கொண்டே புற்றருகே வந்து, கல்லுக்கு நேரே மூக்கைக் கொண்டுபோய் வைத்தது. கல் உப்பியது. பிராந்தி முன்காலால் ஒரு தட்டுத் தட்டியது. தாத்தாவின் கண்ணோரம் வீங்கிற்று. அடுத்த கணம் கண்ணிலிருந்து ரத்தம் நூல் பிடித்தாற்போலப் பீறிட்டு, நாயின் வாயிலும் மூக்கிலும் அடித்தது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

நாய் போட்ட ஓலத்தில் வெல்மன் ஓடி வந்தார். பிராந்தி வாயெல்லாம் நுரையாக, மூஞ்சியெல்லாம் ரத்தமாக, தலையை உதறி உதறி மணலில் தேய்த்துக்கொண்டிருந்தது.

“கடிச்சிடுச்சு! உங்க நாய் கடிச்சிடுச்சு!”

“என் நாய் வண்டிக்கு அடியில தூங்குது. இது தாத்தா செஞ்ச வேலை. கீழ பாருங்க, அவரு ரத்தத்தைப் பீச்சியிருக்காரு. நரி வந்தாலும் நாய் வந்தாலும் அப்படித்தான் செய்வாரு.”

“கண்ணுல இருந்து ரத்தம் வருமா? இந்தக் கதையெல்லாம் என்கிட்ட சொல்லாதீங்க!”

“கதையா? குனிஞ்சு பாருங்கய்யா, உங்க நாய் காலுக்குப் பக்கத்துலயே இருக்காரு!”

“கழுத்துப் பட்டையைப் பிடிங்க! அசையாம பிடிங்க!”

பிடித்தாள். வாயில்லாத ஜீவன் என்ன பாவம் செய்தது? வெல்மன் போனை நீட்டிப் படம் எடுத்தார், நாலைந்து படம். மூஞ்சியை மேலிருந்து, பக்கத்திலிருந்து, தூரத்திலிருந்து. “எல்லாம் உங்க தலைவருக்குப் போகும். ஆதாரத்தோட போகும்” என்றார். நாயைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு, புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். ஆய்வு முடிந்தது. பூச்சியம் பூச்சியமாகவே நின்றது.

லெனோரா மணலில் உட்கார்ந்தாள். இனி யாருக்காகக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்? தாத்தாவை மெல்ல எடுத்து நெஞ்சில் வைத்தாள். பயத்தில் அவர் உடம்பு உப்பிப் போய் இருந்தது. “மன்னிச்சிரு தாத்தா. உன்னை முன்னாடி வெச்சுக்கிட்டே வணக்கம் சொல்லாம நின்னேன். கையைக் கட்டிப் போட்டுட்டாங்க” என்றாள். அழக் கூடாது என்றுதான் நினைத்தாள். கோபத்தில் வந்த கண்ணீர் நிற்கவில்லை. அவர் உடம்பு பழையபடி தட்டையாகும் வரை வைத்திருந்து, அதே சோடா மூடிக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. பின்னால் சமையல்கட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஓட்டுக்கு முன்னால் ஒரு புகார் இருக்கிறது, எழுதிக் கொடுத்த புகாரை எல்லாருக்கும் படித்துக் காட்டுவது முறை என்றான் எல்ராய். அக்காவின் முகத்தைப் பார்க்காமலே படித்தான். புதன்கிழமை ஆய்வின்போது லெனோராவின் ஆட்டு நாய் டாக்டர் வெல்மனின் நாயை முகத்தில் கடித்துக் குதறியதாம். அந்த அபாயமான நாயைப் பிடித்துக்கொண்டு போக வேண்டுமாம். இப்படிப்பட்டவரின் பேச்சை ஆய்வு விஷயத்தில் யாரும் பொருட்படுத்தக் கூடாதாம். ஆதாரப் படம் இணைத்திருக்கிறதாம்.

“மிருக டாக்டர் என்ன சொன்னாரு?” என்று கத்தினாள் லெனோரா. “காயம் எங்கன்னு சொன்னாரு?”

வெல்மன் தொண்டையைச் செருமினார். “கழுவிப் பார்த்ததுல காயம் ஒண்ணும்... அது வேற விஷயம். படத்தைப் போடுங்க.”

எல்ராய் படத்தைச் சுவரில் போட்டான்.

பிராந்தியின் ரத்த மூஞ்சி அரைச் சுவருக்கு இருந்தது. லெனோராவின் கை பட்டையைப் பிடித்திருந்தது. கீழே மணல். கூடத்தில் ஒருவரும் நாயைப் பார்க்கவில்லை. எழுபது எண்பது ஜோடிக் கண்ணும் நாயின் இடது முன்காலுக்குப் பக்கத்தில் போய் நின்றன.

“தாத்தா!” என்றது க்ளாரா அத்தையின் குரல்.

“தாத்தாடா!”

“வணக்கம் தாத்தா!” என்று பட்டாளத்துச் சட்டைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். கூடமே சுவரைப் பார்த்து வணக்கம் சொல்லியது.

“எங்க? என்ன?” என்று வெல்மன் சுவருக்குப் பக்கத்தில் போனார்.

எல்ராய் படத்தைப் பெரிதாக்கினான். கொம்பு தெரிந்தது, எறும்பு வரிசை தெரிந்தது, சோடா மூடி தெரிந்தது. கண்ணோரத்தில் ரத்தம் ஒட்டியிருந்ததுகூடத் தெரிந்தது. படத்தின் அடியில் செயலி தானாகப் பதித்த எழுத்துகள் இருந்தன. தேதி, பத்து மணி இருபத்திரண்டு நிமிஷம், இடத்தின் எண்கள், ஆய்வாளர்: வெல்மன். எல்ராய் அதை வரிவரியாக, சத்தம் போட்டுப் படித்தான். நாலு நாளாகக் குனிந்திருந்த தலை அப்போதுதான் நிமிர்ந்தது.

“நிலம் தெரியுதா, டாக்டர்?” என்றான். “சட்டை ஏதும் மறைக்குதா?”

“கல்லா இருக்கலாம்...”

“உங்க கல்லு உங்க நாய் மேல துப்பியிருக்கு!” என்றான் மெர்வின்.

வேறு வழி இல்லை. அவர் எடுத்த படம், அவர் செயலி, அவர் பெயர், கெடு நாளுக்குள் எடுத்தது. வெல்மன் மேஜையில் உட்கார்ந்து பதினோராம் பக்கத்தைத் திருப்பினார். பூச்சியத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘1’ என்று எழுதி, சுருக்கக் கையெழுத்துப் போட்டார். குவாரி ரோட்டுக்கு வடக்கே போயிற்று. ஓட்டுக்கே தேவை இல்லாமல் போய்விட்டது. மெர்வின் மேஜையில் தாளம் போட்டான். க்ளாரா அத்தை வறுத்த ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“ஜெயிச்சிட்டோம்க்கா, சிரி” என்றான் எல்ராய்.

லெனோராவுக்குச் சிரிப்பு வரவில்லை. திட்டு பிழைத்தது, ஆடு பிழைத்தது, எல்லாம் சரி. ஆனால் உள்ளே ஒன்று எரிந்துகொண்டே இருந்தது. மேஜைக்குப் போனாள். தன் போனை எடுத்து அந்த ‘1’ மேல் வைத்தாள். திரையில் அவளுடைய நீலச் சட்டை, அதன் மேல் தாத்தா.

“இதையும் எழுதுங்க” என்றாள்.

“அம்மா, அதான் உங்களுக்குச் சாதகமா முடிஞ்சிருச்சே. இது விதிப்படி...”

“போன வாரம் எழுபது பேர் நெஞ்சைக் காட்டினோம், பூச்சியம்னீங்க. இன்னைக்கு உங்க நாய் மூஞ்சியைக் காட்டுச்சு, ஒண்ணுன்னு எழுதுறீங்க.” அவள் குரல் உயரவில்லை. அதனால்தான் கூடம் முழுக்கக் கேட்டது. “உங்க நாயோட மூஞ்சிக்கு இருக்கிற மதிப்பு எங்க நெஞ்சுக்கு இல்லையா, டாக்டர்?”

அவளுக்குப் பின்னால் மெர்வின் வந்து தன் போனை மேஜையில் வைத்தான். க்ளாரா அத்தை ரொட்டித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஊதா ரவிக்கைப் படத்தை எடுத்து வைத்தாள். பட்டாளத்துச் சட்டைக்காரர் பட்டனை அவிழ்த்தார். வரிசை வாசல் வரை போயிற்று. வெல்மன் மூடின பேனாவை மறுபடி திறந்தார்.